ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குச் செல்வோர் கவனத்திற்கு: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியின் பெயரில் நடக்கும் ஏமாற்று

பர்கூர், ஜெகதேவி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கிரானைட் குவாரிகளில் தொழில் பழகிய இளைஞர்கள் ஆப்பிரிக்க நாடுகளுக்கு வேலைக்குச் செல்கிறார்கள். அவர்களுக்காகவும், கடன் வாங்கியாவது அவர்களை அனுப்பிவைக்கும் குடும்பத்தாருக்காகவும் இதை எழுதுகிறேன். கானா நாட்டுக்குச் சென்ற என் தம்பியிடம், கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சல் என்ற உயிர்க்கொல்லி நோய்க்கான தடுப்பூசிக்கென்று தனியாக 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, என்னவென்றே தெரியாத ஒரு மருந்தை ஏற்றி, செல்லாத சான்று அட்டையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவனுடன் சென்ற எங்கள் ஊர்ப் பையன்கள் இருவருக்கும் இதே கதிதான்.

கானாவுக்குள் நுழைய, 9 மாதக் குழந்தை முதல் அனைவருக்கும் இந்தத் தடுப்பூசிச் சான்று கட்டாயம். அது தெரிந்த ஏஜென்ட், "சென்னைக்கெல்லாம் அலைய வேண்டாம், இங்கேயே முடித்துத் தருகிறேன்" என்று சொல்லி, நகரிலுள்ள ஒரு சிறிய தனியார் கிளினிக்குக்கு மூவரையும் மாலை நேரத்தில் அழைத்துச் சென்றார். ஏற்கெனவே மருந்து நிரப்பி வைத்திருந்த ஊசியை வரிசையாகப் போட்டு, மஞ்சள் நிற அட்டையில் முத்திரை குத்தி, ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். கானாவின் தலைநகரான அக்ராவின் விமான நிலையத்தில் அட்டையின் நிறத்தைப் பார்த்ததோடு சரி, உள்ளே விட்டுவிட்டார்கள். ஆகவே விமான நிலையத்தில் யாரும் தடுக்கவில்லை என்பதை வைத்து உங்கள் அட்டை உண்மையானது என்று தயவுசெய்து முடிவு செய்துவிடாதீர்கள்.

பல மாதங்கள் கழித்து, குவாரி நிறுவனத்தின் மருத்துவ அறையில் இருந்த செவிலியர் தொழிலாளர்களின் அட்டைகளைப் பதிவேட்டில் ஏற்றும்போதுதான் உண்மை வெளிப்பட்டது. அட்டையில் 10 ஆண்டுகள் செல்லும் என்று எழுதியிருந்தது. உலக சுகாதார விதிகளின்படி, 2016 ஜூலை 11 முதல் இந்தச் சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று மாற்றப்பட்டுவிட்டது. முறையான மையம் எதுவும் இன்று பழைய கணக்கை எழுதுவதில்லை. மருந்தின் தொகுதி எண்ணுக்குரிய (பேட்ச் நம்பர்) கட்டம் காலியாக இருந்தது. முத்திரையோ வெறும் கிளினிக் முத்திரை. இந்தியாவில் எல்லா மருத்துவமனைகளும் இந்த ஊசியைப் போட்டுவிட முடியாது. மத்திய சுகாதார அமைச்சகம் அங்கீகரித்த மையங்களுக்கு மட்டுமே அந்த அதிகாரம் உண்டு. சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிறுவனமும் துறைமுகச் சுகாதார அலுவலகமும் அவற்றில் சேர்ந்தவை. அங்கே கட்டணம் சில நூறு ரூபாய்தான்.

தம்பியிடம் தொலைபேசியில் விசாரித்தபோது, கிளினிக்கில் நடந்தவற்றில் எனக்கு மிகுந்த கோபத்தை உண்டாக்கியது, அவர்கள் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை என்பதே. இது வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரஸைக் கொண்டு தயாரிக்கப்படும் தடுப்பூசி. கோழி முட்டைக் கருவில் வளர்த்து எடுப்பதால், முட்டை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்களுக்குப் போடக் கூடாது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சை பெறுபவர்கள், கருவுற்ற பெண்கள், 60 வயதைக் கடந்தவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும். இவற்றையெல்லாம் விசாரிக்காமல் ஊசியை எடுப்பவரிடம் கையை நீட்டாதீர்கள். மேலும் அந்த மருந்து உலர்ந்த தூளாகவே குப்பியில் வருகிறது. உரிய கரைப்பானைச் சேர்த்துக் கலக்கியபின் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஒரு குப்பியில் பலருக்கான அளவு இருப்பதால்தான் மையங்கள் குறிப்பிட்ட நாட்களில் ஆட்களைச் சேர்த்துப் போடுகின்றன. முன்கூட்டியே நிரப்பி வைத்த ஊசியில் இருந்தது உப்பு நீரா, வைட்டமின் மருந்தா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

தம்பி கானாவிலேயே, அரசு அங்கீகாரம் பெற்ற மையம் ஒன்றில், கடவுச்சீட்டைக் காட்டி, வெளிநாட்டவர் என்ற முறையில் கட்டணம் செலுத்தித் தடுப்பூசி போட்டுக்கொண்டான். அந்த மையத்தில் அவனை மரியாதையாக நடத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஊசி போட்ட நாளிலிருந்து 10 நாட்கள் கழித்தே சான்று செல்லுபடியாகும். சரியாக அந்த நேரத்தில்தான் எங்கள் அம்மாவுக்கு அவசர அறுவை சிகிச்சை நடந்தது. செல்லுபடியாகும் சான்று இல்லாமல், நோய் உள்ள நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வருபவர்களை 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம் என்பதால், பயணச் சீட்டு எடுக்கப் பணம் இருந்தும் அவனால் உடனே கிளம்ப முடியவில்லை. மயக்கம் தெளிந்ததும் அம்மா முதலில் கேட்டது அவனைத்தான். இந்தியா இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குத் தக்க காரணம் உண்டு: நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளிலேயே இருக்கிறது, நோய்தான் இதுவரை இங்கு நுழையவில்லை.

பணத்தைவிடப் பெரிய அநியாயம், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் மூன்று பேரை அந்த நாட்டில் மாதக்கணக்கில் வாழவிட்டதுதான். 2016இல் அங்கோலாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, அங்கு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய சீனத் தொழிலாளர்களில் 11 பேருக்கு அந்நோய் இருந்தது கண்டறியப்பட்டது. வேலைக்காக அயல்நாட்டில் தங்கியிருக்கும் தொழிலாளிக்கு இந்த ஆபத்து எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இந்நோயைக் குணப்படுத்தத் தனி மருந்து கிடையாது; நோய் முற்றிய நிலையை அடைபவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்துவிடுகிறார்கள். முறையாகப் போட்ட ஒரே ஒரு தடுப்பூசி வாழ்நாள் முழுவதும் காக்கிறது.

புறப்படவிருப்பவர்கள் மத்திய சுகாதார அமைச்சகத்தின் இணையதளத்திலுள்ள மையங்களின் பட்டியலைப் பாருங்கள். எந்த நாளில் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, பயண நாளுக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே, கடவுச்சீட்டுடன் நேரில் செல்லுங்கள். அட்டையில் கடவுச்சீட்டு எண், தேதி, தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், மருத்துவரின் கையொப்பம், மையத்தின் முத்திரை ஆகிய அனைத்தும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்க முடியும். எங்களிடம் பணம் வாங்கியவர் பெயர் அதில் இல்லை. நம் மாவட்டத்தில் ஏஜென்ட் மூலம் இதே முறையில் ஊசி போட்டுக்கொண்டு ஏற்கெனவே வெளிநாட்டில் இருப்பவர்கள், ஊருக்கு வரும் தேதி நெருங்கும்வரை காத்திராமல், அங்குள்ள அங்கீகாரம் பெற்ற மையத்தில் அட்டையைக் காட்டி உடனே கேளுங்கள்.

அட்டையின் நகலையும் பணம் செலுத்திய விவரத்தையும் இணைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துள்ளோம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு அளித்துள்ளோம். மற்ற இரு குடும்பத்தாரும் எங்களுடன் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இவ்வாறு ஏமாந்தவர்கள் வேறு யாரேனும் இருந்தால், அட்டையைக் கிழித்துப் போடாமல் பத்திரமாக வைத்திருந்து, நீங்களும் புகார் கொடுங்கள்.