வரியை வைப்பதா, முழு ஃபிரேமை வைப்பதா? வீடியோ வன்பொருளுக்கு நினைவகம் தேர்ந்தெடுத்தல்

1080பி படத்தின் ஒரு ஃபிரேம், பிக்சலுக்கு 24 பிட் வீதம், 4,97,66,400 பிட். ஆர்ட்டிக்ஸ்-7 100டி எஃப்பிஜிஏ-வுக்குள் (உள்சுற்றைத் தேவைக்கேற்ப நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) உள்ள 135 பிளாக் ரேம்களையும் (சிறு நினைவகத் துண்டுகள்) ஒன்றுவிடாமல் சேர்த்தால் 49,76,640 பிட். சரியாகப் பத்தில் ஒரு பங்கு. சிப்புக்குள் இருக்கும் எஸ்ரேமா (பிளாக் ரேம் இந்த வகை), வெளியே தனிச் சிப்பாக இருக்கும் பெரிய டிரேமா என்ற கேள்வி இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அதை முடித்துவைப்பது கொள்ளளவு அல்ல. பிக்சல்கள் எந்த வரிசையில் வருகின்றன, எந்த வரிசையில் கேட்கப்படுகின்றன என்பதுதான்.

வந்த வரிசையிலேயே வெளியேறும் வேலைகளுக்கு, சில வரிகளை மட்டும் பிடித்துவைக்கும் லைன் பஃபர் போதும். சுற்றியுள்ள 5×5 பிக்சல்களைப் பார்த்து ஒரு பிக்சலைக் கணக்கிடும் 5×5 வடிகட்டிக்குத் தேவை நான்கே வரிகள். ஐந்தாவது வரி அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருக்கும். 1920 பிக்சல் வரி 2048 ஆழத்தில் அடங்கும். 24 பிட் நிறத்துக்கு வரி ஒன்றுக்கு ஒன்றரை பிளாக் ரேம், நான்கு வரிக்கு ஆறு. நிறத் தகவலைப் பாதியாக்கும் 4:2:2 வடிவத்தில் பிக்சலுக்கு 16 பிட் என்று வைத்துக்கொண்டால் நான்கோடு முடிந்துவிடும். தாமதமும் மிகக் குறைவு: 60 ஃபிரேம் ஓட்டத்தில் ஒரு வரி 14.8 மைக்ரோவினாடி, 5×5 வடிகட்டி தாமதப்படுத்துவது ஏறக்குறைய இரண்டு வரி. ஃபிரேமை முழுதாக எழுதிவிட்டுப் படிக்கும் வடிவமைப்பில் 16.7 மில்லிவினாடி போய்விடும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறுகள் இரண்டு. வரிகளைச் சங்கிலியாகக் கோக்கும்போது பிளாக் ரேமை 'முதலில் படி, பிறகு எழுது' முறையில் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் நான்கு வரிகளிலும் நடப்பு வரியே வந்து நிற்கும். படம் பக்கவாட்டில் மட்டும் மங்கும், செங்குத்தாக எதுவும் நடக்காது. இன்னொன்று விளிம்பு. புது ஃபிரேமின் முதல் இரண்டு வரிகளுக்கு மேலே அண்டை வரி கிடையாது. பஃபரில் கிடப்பது முந்தைய ஃபிரேமின் அடிப்பகுதி. அது மேல் ஓரத்தில் கசியும். விளிம்பு வரியையே திரும்பக் கொடுப்பது எளிய தீர்வு.

படத்தை 90 பாகை திருப்ப வேண்டும், ஃபிரேம் வேகத்தை மாற்ற வேண்டும், முந்தைய ஃபிரேமோடு ஒப்பிட வேண்டும் என்றால் லைன் பஃபரால் ஆகாது. ஃபிரேம் முழுதும் நினைவில் இருந்தே ஆக வேண்டும். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1973-இல் இயங்கிய சூப்பர்பெயின்ட் அமைப்பு ஃபிரேமை ஷிஃப்ட் ரெஜிஸ்டர்களில் (பிட்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் சுற்றுகள்) சுழலவிட்டது. திரைக்கு அனுப்ப அது கச்சிதம். ஆனால் ஒரு பிக்சலை மாற்ற, அந்தப் பிக்சல் சுற்றி வரும்வரை, அதிகபட்சம் 33 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். 1980-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் வகுத்த இரட்டைவாசல் விரேம் (வீடியோ ரேம்) திரைக்கு வரிசையாக அனுப்புவதையும் நினைத்த பிக்சலை மாற்றுவதையும் ஒரே சிப்பில் சேர்த்தது: டிரேமின் ஒரு வரிசை முழுவதும் ஒரே தடவையில் உள் ரெஜிஸ்டருக்கு இறங்கும், அங்கிருந்து திரைக்கு வரிசையாகப் போகும், மற்ற வாசல் எழுதுவதற்குக் காலியாக இருக்கும். அருமையான யோசனை. ஆனால் அந்தக் கூடுதல் வாசலுக்குச் சிலிக்கான் பரப்பு செலவாகியது. தொடர் பிக்சல்களை அள்ளித் தரும் எஸ்டிரேம் (கடிகாரத்தோடு ஒத்தியங்கும் டிரேம்) மலிவாக வந்ததும் விரேமுக்கு இடமில்லாமல் போயிற்று.

அந்த எஸ்டிரேமின் வழியில் வந்த, கடிகாரத் துடிப்புக்கு இருமுறை தரவு தரும் டிடிஆர்தான் இன்றைய தேர்வு. அதன் பலவீனம் திருப்பும்போது தெரியும். 16 பிட் அகல டிடிஆர்3-800 சிப்பின் உச்ச வேகம் வினாடிக்கு 1,600 மெகாபைட். பிக்சலுக்கு 4 பைட் வைத்தால் 1080பி, 60 ஃபிரேமுக்கு எழுத 498, படிக்க 498. தாளில் தாராளமாகத் தெரியும். ஆனால் சிப் ஒவ்வொரு தடவையும் 16 பைட்டாக, அதாவது நான்கு பிக்சலாகத்தான் தரும். நெடுக்கையாகப் படித்தால் அதில் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறோம், மூன்று வீண். கூடவே, ஒவ்வொரு பிக்சலுக்கும் புது வரிசையைத் திறக்க வேண்டும். ஒரே பேங்கில் (சிப்புக்குள் தனித்தனியாக இயங்கும் பகுதிகளில் ஒன்று) அடுத்த வரிசையைத் திறக்கச் சுமார் 50 நானோவினாடி ஆகும்.

இதைச் சரிசெய்யும் வழி முகவரி அமைப்பில் இருக்கிறது. இந்தச் சிப்பில் ஒரு பக்கம், அதாவது ஒருமுறை திறக்கும் வரிசை, 2 கேபி. 7,680 பைட் வரிக்கு நான்கு பக்கம் ஒதுக்கி 8,192 என்று வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அடுத்தடுத்த பக்கங்கள் அடுத்தடுத்த பேங்குகளில் விழும் அமைப்பில், அந்த எண் நெடுக்கைப் படிப்பை எட்டில் இரண்டே பேங்குகளில் மாறி மாறி மோதவிடும். வரிக்கு ஐந்து பக்கம், 10,240 பைட், என்று வையுங்கள்; எட்டு பேங்குகளும் சுழற்சியில் வரும். நினைவகம் கொஞ்சம் வீணாகும், அதற்கு வஞ்சனையில்லாமல் வேகம் கிடைக்கும். அதோடு நான்கு நெடுக்கைகளை ஒரே தடவையில் படித்துச் சிப்பின் எஸ்ரேமில் அடுக்கிக்கொண்டால், வந்த 16 பைட்டில் ஒன்றும் கீழே சிந்தாது. இன்னும் கறாரான வழி, ஒரு பக்கத்தில் வரித்துண்டை வைக்காமல் 32×16 பிக்சல் கட்டத்தை வைப்பது. முகவரிக் கணக்கு சற்றுச் சிக்கலாகும், ஆனால் கிடக்கையாகவும் நெடுக்கையாகவும் ஒரே சீராகப் படிக்கலாம்.

டிரேம் எடுத்தால் ரிஃப்ரெஷையும் (தரவு அழியாமலிருக்க அவ்வப்போது புதுப்பிப்பது) சேர்த்தே எடுக்கிறோம். சராசரியாக 7.8 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை, சிப் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 3.9-க்கு ஒருமுறை, அது வேலையை நிறுத்தும். 4 ஜிகாபிட் டிடிஆர்3 சிப்பில் ஒரு நிறுத்தம் 260 நானோவினாடி. 148.5 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கடிகாரத்தில் அது கிட்டத்தட்ட 39 பிக்சல். திரைப்பக்க ஃபிஃபோ (முதலில் வந்தது முதலில் போகும் சிறு பஃபர்) 16 பிக்சல் ஆழம் என்றால் அதற்குள் காலியாகி, மீதி வரி பக்கவாட்டில் நழுவும். மேசையில் சரியாக ஓடிய போர்டு, பெட்டிக்குள் சூடேறியதும் நழுவத் தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 512 பிக்சல் ஃபிஃபோ போடுங்கள். பாதி காலியானதும் படிக்கும் கோரிக்கை கிளம்பட்டும். அதற்கு எழுதும் பக்கத்தைவிட முன்னுரிமை கொடுங்கள். ஒவ்வொரு ஃபிரேம் தொடக்கத்திலும் ஃபிஃபோவைக் காலிசெய்து மீட்டமைத்தால், எப்போதாவது ஒரு நழுவல் வந்தாலும் அடுத்த ஃபிரேமில் படம் தன்னிடத்துக்கு வந்துவிடும்.