கடலூர்ப் பயணம்: புதுசு பண்ணிய ஆப்களும் பழைய பின்கோடும்

பொங்கலுக்குக் கடலூர் போய்விட்டு சிங்கப்பூர் திரும்பியிருக்கிறேன். கரும்பு, சில்வர் பீச், சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாடு பற்றியெல்லாம் இதில் எழுதப் போவதில்லை. எனக்கு இங்கே வேலையே ஆப்களையும் இணையதளங்களையும் வாடிக்கையாளர் கைக்குப் போவதற்கு முன் சோதித்துப் பார்ப்பதுதான். அதனால் ஊரில் யாருடைய போனை வாங்கினாலும் கண் அங்கேயே போகிறது. வீட்டில் இதற்காகத் திட்டும் வாங்கினேன்.

அப்பா போனில் இருக்கும் ஆப்களில் பல இந்த ஒரு வருஷத்தில் புது வடிவத்துக்கு மாறியிருக்கின்றன. புது நிறம், வளைந்த மூலைகள், திறந்தவுடனே ஓடுகிற விளம்பரப் படம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முகவரி எழுதுகிற இடம், பெயர் எழுதுகிற இடம், பணம் கட்டுகிற இடம் மூன்றும் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன. வாசல்வரை வெள்ளையடித்துவிட்டு, ஒழுகுகிற குழாயை அப்படியே விட்டுவிட்ட வீடு மாதிரி.

முகவரியை முதலில் சொல்கிறேன், அது நம் பக்கத்துக்கே உரிய தொல்லை. அத்தை வீடு கிருமாம்பாக்கத்தில். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டி பஸ் ஏறினால் தென்பெண்ணைப் பாலம் தாண்டி, முள்ளோடையில் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்கிவிடும். ஆனால் கிருமாம்பாக்கத்தின் பின்கோடு கடலூர் மாதிரியே 607-இல்தான் தொடங்குகிறது. அத்தைக்கு ஒரு மிக்ஸி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். பின்கோடு போட்டதும் அந்த ஆப் தானாகவே மாநிலம் ‘தமிழ்நாடு’ என்று நிரப்பிக்கொண்டது. மாற்றலாம் என்றால் அந்தக் கட்டம் சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடக்கிறது. வேறு வழியில்லாமல் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ‘புதுச்சேரி’ என்று எழுதினேன். பில்லில் இரண்டுமே அச்சாகி வந்தது. டெலிவரி பையன் முள்ளோடையிலிருந்து போன் செய்து, “அண்ணா, இது பாண்டியா, கடலூரா?” என்று கேட்டான். கேட்டது நியாயம்தானே.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை. விழுப்புரம் தமிழ்நாட்டில் இருக்கிறது, அதன் பின்கோடு 605602. பாண்டி நகரம் 605001. காரைக்கால் 609, மாஹே 673, ஏனாம் 533 என்று புதுச்சேரியின் மற்ற மூன்று பகுதிகளும் சுற்றியுள்ள மாநிலங்களின் வரிசையில் வருகின்றன. பின்கோடு 1972-இல் தபாலைப் பிரித்து அனுப்புவதற்காக வந்தது. மாநில எல்லையைக் காட்டுவது அதன் வேலையே இல்லை. முதல் 3 இலக்கத்தை வைத்து மாநிலத்தை முடிவு செய்கிற நிரலை எழுதியவர் இந்தச் சாலையில் ஒருமுறை பஸ்ஸில் போயிருந்தால் போதும். சிங்கப்பூரிலும் 6 இலக்கம்தான், ஆனால் இங்கே அது ஒரு கட்டடத்தையே காட்டும். அந்த வசதியைப் பார்த்துவிட்டு, பின்கோடு போட்டால் மிச்சத்தைத் தானாக நிரப்பலாம் என்று நம் ஊரிலும் செய்கிறார்கள். நிரப்பட்டும், பூட்டாமல் இருந்தால் சரி. 2025-இல் தபால் துறை ‘டிஜிபின்’ என்று 10 எழுத்துக் குறியீடு ஒன்றைக் கொண்டுவந்தது. ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் இடத்தைக் காட்டிவிடுமாம். நான் பார்த்த எந்த ஷாப்பிங் ஆப்பிலும் அதற்கு ஒரு கட்டம் கண்ணில் படவில்லை.

ஊர்ப் பெயரிலும் இதே கதை. வெளியூர்க்காரர் ரயில் ஆப்பில் ‘கடலூர்’ என்று தேடினால் கைக்கு வருவது துறைமுகச் சந்திப்பு. பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருக்கிற ஸ்டேஷனின் பெயர் திருப்பாதிரிப்புலியூர் என்பது நமக்குத்தான் தெரியும்.

அடுத்து அப்பாவின் மருந்து. மாதா மாதம் ஒரு பெரிய மருந்துக்கடை ஆப்பில்தான் வாங்கிக்கொண்டிருந்தார். பழைய வடிவத்தில், திறந்ததும் போன மாத லிஸ்ட் மேலேயே இருக்கும். ஒரு தட்டில் மறுபடியும் வாங்கிவிடலாம். இப்போது அந்த இடத்தில் புரோட்டீன் பவுடர், முகப்பூச்சு, உறுப்பினர் திட்டம். பழைய லிஸ்ட் ஒரு மூலையில் இருக்கும் உருவப்படத்துக்குள்ளே, அதற்குள் ‘ஆர்டர்கள்’, அதற்குள் மூன்று புள்ளி.

அப்பா போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பார், மொழி தமிழ். அப்படி வைத்தால் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டை, பணம் கட்டும் பட்டனில் பாதியை மூடிவிடுகிறது. தெரிகிற பாதியிலும் ‘உறுதிப்ப…’ என்பதோடு எழுத்து அறுந்துபோகிறது. ஆங்கில எழுத்தின் உயரத்துக்கு அளந்து வைத்த வரியில் தமிழைப் போட்டதால், ‘கி’யின் மேல்பக்கமும் ‘கு’வின் அடிப்பக்கமும் சீவப்பட்டிருக்கின்றன. வடிவமைத்தவர் மேசையில் இருந்த போனில் எல்லாம் சின்ன எழுத்து, ஆங்கிலம். அங்கே எதுவும் அறுந்திருக்காது.

“மருந்து வாங்க வந்தவன்கிட்ட எதுக்குப்பா பவுடர் காட்டுறான்?” என்றார் அப்பா. பதில் எனக்குத் தெரியும். எங்கள் தொழிலில், ஒரு ஆள் ஆப்பில் எத்தனை நிமிடம் இருந்தார், எத்தனை இடத்தில் தட்டினார் என்று எண்ணுவார்கள். அப்பா பட்டனைத் தேடித் தடவிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, யாரோ ஒருவருடைய அறிக்கையில் ‘ஈடுபாடு கூடியிருக்கிறது’ என்று ஏறியிருக்கும்.

இப்போது மருந்து மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஒரு சின்னக் கடையிலிருந்து வருகிறது. வாட்ஸ்அப்பில் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினால் குரல் செய்தி வரும்: “சார், 40 எம்ஜி ஸ்டாக் இல்ல, 20 இருக்கு. ரெண்டா போட்டுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க.” இந்த ஒரு வாக்கியத்தை எந்தப் புது வடிவமும் அப்பாவிடம் சொன்னதில்லை. கடைக்காரர் ஞாயிறு மதியம் போனை எடுக்கமாட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெயர்க் கட்டம் பற்றிச் சுருக்கமாக. சிங்கப்பூரில் பல படிவங்களில் அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயர் என்று ஒரே கட்டம்தான். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் அதில் அடங்கிவிடுவார்கள். ஊரில் ‘கடைசிப் பெயர்’ கட்டாயம், அதுவும் ஓரெழுத்து போட்டால் சிவப்புக் கோடு. இனிஷியலோடு வாழ்கிற மாநிலத்தில் இதை யார் சோதித்துப் பார்த்தார்களோ! அப்பாவுக்காக இனிஷியலை விரித்துத் தாத்தா பெயரை அங்கே எழுதினால் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்று அடுத்த பக்கம் சொல்கிறது.

பாண்டியில் நண்பர்களுக்கு ஒயிட் டவுன் பக்கம் அறை தேடினோம். ஒரு விடுதியின் புது இணையதளத்தில் திரை முழுக்கக் கடல் அலை வீடியோ. அது ஏறவே ஒரு டீ குடித்துவிடலாம். போன் நம்பர் எங்கும் இல்லை. கடைசியில் மேப்பில் தேடி எடுத்தோம். பஸ் டிக்கெட் ஆப் ஒன்றில் இன்ஷூரன்ஸ் ஏற்கெனவே டிக் போட்டே வந்தது. இப்படி வாடிக்கையாளர் கேட்காததைக் கூடையில் நுழைப்பது உட்பட 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே தடை செய்து வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. டிக் என்னவோ இன்னும் இருக்கிறது.

பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்த சமயம், ஒரு முதலீட்டு ஆப் அவரை அடையாளம் காண கண் சிமிட்டச் சொன்னது. அவர் சிமிட்டினார், அதற்குத் தெரியவில்லை. வேறு வழி எதுவும் திரையில் இல்லை. டிஜிட்டல் சேவையை எல்லாரும் அணுக முடிவது வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-இல் சொன்னது இதைப் போன்ற வழக்கில்தான். பார்வையற்றவர்களும் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் கண் சிமிட்டும் சோதனையைத் தாண்ட முடியவில்லை என்று போட்ட வழக்கு அது.

கடைசியாக ஓடிபி. சிங்கப்பூர் நம்பர் 8 இலக்கம், ஊர் ஆப்கள் பலவற்றில் 10 இலக்கம் இல்லாமல் உள்ளே போகவே முடியாது. அதனால் எல்லாவற்றுக்கும் அப்பா நம்பரைக் கொடுத்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி எண்களைப் படிப்பார், நான் கூடத்திலிருந்து தட்டுவேன். பாதுகாப்பு அவ்வளவுதான்.

போகிறவர்களுக்கு ஒன்று: என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் ஊர் வங்கியில் வைத்திருப்பது) இருந்தால், 2023-இலிருந்து சிங்கப்பூர், அமீரகம், கனடா உட்படப் பல நாடுகளின் நம்பரிலேயே யூபிஐ வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. எல்லா வங்கியும் எல்லா ஆப்பும் தருவதில்லை, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு செய்யும்போது அந்த வெளிநாட்டு சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போகும். எனவே விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். அப்புறம் கொஞ்சம் சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள், பாண்டி பஸ் கண்டக்டரிடம் 500 ரூபாய் நோட்டை நீட்ட முடியாது.