போர்ஷே, ஜாகுவார், கார்வெட், ஃபெராரி: எஞ்சின் குரலின் கணக்கு

1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப், 1964-இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911. இரண்டிலும் ஆறு சிலிண்டர். இரண்டிலும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் எஞ்சின் தண்டு) 120 டிகிரி திரும்பும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் வெடிக்கிறது. இரண்டிலும் மும்மூன்று சிலிண்டர்களின் புகை தனித்தனிக் கூட்டமாக, 240 டிகிரிக்கு ஒன்று என்ற சீரான இடைவெளியில் வெளியேறுகிறது. காகிதத்தில் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் வண்டி தெருமுனை திரும்பும்போதே எது எது என்று காது சொல்லிவிடும்.

குரலுக்குக் காரணம் சைலன்சர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சைலன்சர் இருக்கிற குரலைக் கூட்டும், குறைக்கும், மழுக்கும். இல்லாத குரலை உண்டாக்காது. குரல் பிறப்பது மூன்று இடங்களில்: வெடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, எந்தெந்த சிலிண்டரின் புகை ஒரே குழாயில் சேர்கிறது என்பது, காற்றை உள்ளே இழுக்கும் வழி.

முதலில் சுருதி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். நிமிடச் சுற்றை 60-ஆல் வகுத்து, சிலிண்டர் எண்ணிக்கையில் பாதியால் பெருக்குங்கள். 6,000 சுற்றில் ஆறு சிலிண்டருக்கு 300 ஹெர்ட்ஸ், எட்டுக்கு 400, பன்னிரண்டுக்கு 600. பாட்டு தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஆறு சிலிண்டரை ஷட்ஜமாக வைத்தால், எட்டு சுத்த மத்யமம், பன்னிரண்டு மேல் ஷட்ஜம். ஒரே வேகத்தில் சுற்றினாலும் வி12 (வி வடிவில் அமைந்த பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்) ஒரு ஸ்தாயி மேலே பாடுவது இதனால்தான்.

சுருதி இவ்வளவு எளிது. நாதம்தான் சிக்கல்.

911-உம் இ-டைப்பும்

ஜாகுவார் இ-டைப்பின் எக்ஸ்கே எஞ்சினுக்கு வார்ப்பிரும்பு பிளாக். சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர். செயின் ஓடும் சத்தம், பிஸ்டன் தட்டும் சத்தம் எல்லாவற்றையும் அந்தத் தண்ணீரும் கனமான இரும்பும் விழுங்கிவிடும். 911-இல் தண்ணீரே கிடையாது. ஆறு சிலிண்டரும் தனித்தனிப் பீப்பாய்கள். அவற்றைச் சுற்றி மெல்லிய தகட்டு வரிகள். உள்ளே நடக்கும் ஒவ்வொரு உலோகச் சத்தமும் அப்படியே வெளியே வரும். அதற்கு மேல் 11 இதழ் விசிறி. பெல்ட்டில் ஓடும் இந்த விசிறி கிராங்க்கைவிட வேகமாகச் சுழல்கிறது. கிராங்க் வேகத்திலேயே சுழல்வதாக வைத்தாலும் 6,000 சுற்றில் 1,100 ஹெர்ட்ஸ். புகைக்குழாயின் 300 ஹெர்ட்ஸுக்கு மேலே இந்த இரைச்சல் ஏறி நிற்கிறது, எஞ்சின் வேகத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. சைலன்சரை எவ்வளவு அடக்கினாலும் 911 தன் அடையாளத்தை இழக்காததற்கு இந்த விசிறி பெரிய காரணம். 1998-இல் காற்றுக் குளிர்விப்பு முடிவுக்கு வந்தபோது பழைய ரசிகர்கள் வருந்தியதில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது குழாயின் நீளம். இ-டைப்பில் முன் மூன்று, பின் மூன்று என இரண்டு மேனிஃபோல்டுகள் (சிலிண்டர்களின் புகையை ஒன்று சேர்க்கும் கிளைக்குழாய்கள்); அங்கிருந்து இரண்டு குழாய்கள் வண்டியின் நீளம் முழுக்க ஓடிப் பின்னால் நடுவில் முடிகின்றன. நீளமான குழாயில் கூர்மையான ஓசைகள் தேய்ந்து, உருண்டையான கீழ்ஓசை மிஞ்சும். 911-இல் சைலன்சர் எஞ்சினுக்கு ஒட்டினாற்போலப் பின்னாலேயே தொங்குகிறது. ஓசை தேய இடமே இல்லை.

ஸ்ட்ரோக்கும், அதாவது பிஸ்டன் ஒரு முறை ஏறும் அல்லது இறங்கும் தூரமும், கணக்கில் வரும். ஜாகுவாருக்கு 106 மி.மீ., முதல் 911-க்கு 66 மி.மீ. 5,500 சுற்றில் ஜாகுவாரின் பிஸ்டன் சராசரியாக விநாடிக்கு 19 மீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் விரட்டுவது புத்திசாலித்தனம் அல்ல. ஆக அதன் சுருதி 275 ஹெர்ட்ஸுக்குள் நின்றுவிடுகிறது. 1967-இன் 911 எஸ் 6,600 சுற்றில்தான் முழுச் சக்தியைத் தருகிறது: 330 ஹெர்ட்ஸ். ஒன்று பாட விரும்பும் இடத்துக்கு மற்றொன்று போவதே இல்லை. 3,000 முதல் 4,500 சுற்று வரை ஜாகுவார் தரும் நிறைவான குரலை வேறு எந்த ஆறு சிலிண்டரிலும் கேட்க முடியாது என்பது என் தீர்மானமான கருத்து.

பழைய வண்டி வாங்குவோருக்கு ஒரு விஷயம். டேப்பெட் சத்தமே இல்லாத 911 நல்ல செய்தி அல்ல. வால்வுக்கும் அதைத் தள்ளும் டேப்பெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, எஞ்சின் ஆறியிருக்கும்போது இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.10 மி.மீ. இருக்க வேண்டும். அதைவிட இறுக்கினால் சத்தம் அடங்கும், வால்வு எரியும். எக்ஸ்கே-க்கு இன்லெட் 0.10, எக்ஸாஸ்ட் 0.15 மி.மீ. அங்கே திருகு கிடையாது. வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டைக் கழற்றி ஷிம் என்ற மெல்லிய தகட்டை மாற்ற வேண்டும் என்பதால் பலர் தள்ளிப்போட்டிருப்பார்கள். 911-இல் ஸ்டார்ட் செய்ததும் செயின் கிலுகிலுப்பு நீடித்தால் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கிறது. விட்டால் செயின் பல் தாண்டி, வால்வும் பிஸ்டனும் மோதும். 1984-இன் 3.2 கரேராவில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனர் வந்தது. முந்தைய எஞ்சின்களுக்கும் அதை மாட்டலாம்.

ஒரே வி8, இரண்டு தாளம்

1955-இல் கார்வெட்டுக்கு வந்த ஷெவர்லே வி8-இன் கிராங்க்கை முன்னாலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம். ஃபெராரி 308-இன் (1975, 2,926 சிசி) கிராங்க்கைப் பார்த்தால் ஒரே தட்டையான தளம். இரண்டும் மொத்தமாக 90 டிகிரிக்கு ஒரு முறைதான் வெடிக்கின்றன. வித்தியாசம் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களை மட்டும் தனியாக எண்ணும்போது தெரியும்.

ஷெவர்லேயின் வெடிப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்கள் இடப் பக்கம், இரட்டைப்படை வலப் பக்கம். இடப் பக்கத்தின் இடைவெளிகள் 270, 180, 90, 180. 90 டிகிரியை ஓர் அட்சரமாக வைத்துக் கையால் தட்டிப் பாருங்கள். எட்டு அட்சரத்தில் *தகிட தக த தக* என்று வரும். வலப் பக்கம் அந்த இடைவெளிகளை நிரப்பும். இரண்டும் ஒரே குழாயில் சரியாகக் கலந்தால் ஓசை சீராகிவிடும். ஆனால் பக்கத்துக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாக வெளியேறுவதால், காது அந்த நொண்டித் தாளத்தைத்தான் பிடிக்கிறது. 700 சுற்றில் ஐடிலிங் ஓடும்போது இந்தச் சொற்கட்டு விநாடிக்கு ஆறு முறைக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பத் திரும்ப வரும். நெஞ்சில் அதிர்வது அதுதான்.

ஃபெராரி 308-இல் இடம், வலம் என்று மாறி மாறி வெடிப்பதால் ஒவ்வொரு பக்கமும் *தக தக தக தக*. நான்கு சிலிண்டர் எஞ்சின் இரண்டை ஒட்டவைத்தது போல. குழறல் இல்லை; கூரான, சீறும் குரல். கூடவே, சிலுவைக் கிராங்க்கில் அடங்கிவிடும் இரண்டாம் நிலை அதிர்வு (சுற்றுக்கு இரண்டு முறை வருவது) இங்கே அடங்காமல் இருக்கையில் கூசும். 308 வாங்குபவர்கள் நான்கு வெபர் கார்புரேட்டர் கொண்டதைத் தேடுவது நல்லது. 1980-இல் வந்த இன்ஜெக்ஷன் மாடலில் காற்று இழுக்கும் உறுமல் பெரும்பாலும் போய்விட்டது.

குரலை முடிவு செய்வது குழாய்தான் என்பதற்கு நல்ல சாட்சி 1968, 1969 இரண்டு ஆண்டும் லெ மான் பந்தயத்தை வென்ற ஃபோர்டு ஜிடி40. அதுவும் சிலுவைக் கிராங்க் வி8-தான். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் இரண்டு குழாய்களை எஞ்சினுக்கு மேலே குறுக்கே கொண்டுபோய் எதிர்ப் பக்கத்துக் கூட்டத்தோடு சேர்த்தார்கள். ஒவ்வொரு கூட்டமும் 180 டிகிரிக்கு ஒன்று என்று சீரானது. அமெரிக்க எஞ்சின் ஐரோப்பியக் குரலில் பாடியது. எஞ்சின் முன்னால் இருக்கும் பழைய கார்வெட்டில் இதற்கு இடம் கிடையாது. அங்கே இரு பக்கத்துக் குழாய்களையும் எச் வடிவத்தில் இணைத்தால் தாளம் கொஞ்சம் மென்மையாகும். எக்ஸ் வடிவத்தில் இணைத்தால் குரல் மேலே ஏறி, குழறல் பெருமளவு போய்விடும். பழைய கார்வெட்டுக்கு எக்ஸ் குழாய் மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எச் எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிய, குழாய் மீது சாதாரணப் பெயின்ட்டைப் பூசி வண்டியை நன்றாக ஓட்டுங்கள். பெயின்ட் அதிகம் எரிந்த இடம்தான் இணைக்க வேண்டிய இடம்.

கொலம்போவின் பன்னிரண்டு

ஃபெராரிக்காக ஜோக்கினோ கொலம்போ வடிவமைத்த வி12, 1947-இல் 1,497 சிசி-யில் தொடங்கி, 250 வரிசையில் 2,953 சிசி-க்கு வளர்ந்தது. இரண்டு நேர்வரிசை ஆறுகளை 60 டிகிரியில் சாய்த்து ஒரே கிராங்க்கில் கோத்த அமைப்பு. ஸ்ட்ரோக் 58.8 மி.மீ. மட்டுமே. எந்த நொடியில் நிறுத்திப் பார்த்தாலும் நான்கைந்து எக்ஸாஸ்ட் வால்வுகள் திறந்திருக்கும். எனவே தனித்தனி வெடிப்பு காதில் விழுவதில்லை. துணியைக் கிழிப்பது போன்ற தொடர்ச்சிதான் விழும். 7,500 சுற்றில் 750 ஹெர்ட்ஸ்.

250 ஜிடிஓ-வில் ஆறு இரட்டை வாய் வெபர்கள்: சிலிண்டருக்கு ஒரு தொண்டை. வால்விலிருந்து தொண்டையின் வாய் வரை 30 செ.மீ. என்று வைத்தால், ஒரு முனை மூடிய குழாயின் கணக்குப்படி அது 285 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலிக்கும். ஓட்டுநர் முன்னாலிருந்து இந்த உறிஞ்சலைக் கேட்கிறார், சாலையோரம் நிற்பவர் பின்னாலிருந்து புகைக்குழாயைக் கேட்கிறார். இருவரும் கேட்பது ஒரே வண்டியை அல்ல.

பன்னிரண்டு தொண்டையும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் இந்தக் குரல். காற்றோட்ட மீட்டரை ஒவ்வொரு தொண்டையிலும் வைத்து, ஐடிலிங்கில் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கார்புரேட்டர் துப்பினால் ஐடில் ஜெட் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால் வி12-இல் காதுக்குத் தெரியாமலே போகலாம். ஸ்டார்ட் செய்ததும் மேனிஃபோல்டின் ஒவ்வொரு குழாய் மீதும் சில துளி தண்ணீர் தெளியுங்கள். சுர்ரென்று ஆவியாகாத குழாய்தான் குற்றவாளி.

எல்லா எஞ்சினுக்கும் பொதுவான ஒரு குழப்பம்: டிக் டிக் சத்தம் டேப்பெட்டா, மேனிஃபோல்டு கேஸ்கெட் ஒழுக்கா? ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ஏற்றத்தில் ஓட்டும்போது கூடினால் கேஸ்கெட். எஞ்சின் சூடாகிக் குறைந்தாலும் பெரும்பாலும் அதுதான். மேனிஃபோல்டு எஞ்சினோடு இணையும் ஃபிளாஞ்சில் கரி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

நேர்க்குழாய் சைலன்சர் மாட்டிய ஜாகுவாரில் 2,200 சுற்றில் உள்ளே காது அடைக்கும் ரீங்காரம் வந்தால், அது 110 ஹெர்ட்ஸ். புகை 300 டிகிரி செல்சியஸில் இருந்தால் ஒலியின் வேகம் விநாடிக்கு 480 மீட்டர். அதன் கால் அலை 109 செ.மீ. அந்த நீளத்துக்கு முனை மூடிய ஒரு கிளைக் குழாயைப் பக்கவாட்டில் பற்றவைத்தால் ரீங்காரம் மட்டும் அடங்கும், மற்ற குரல் அப்படியே இருக்கும். கிளைக்குள் தேங்கும் புகை ஆறிப்போவதால் முடிவில் தேவைப்படும் நீளம் இதைவிடக் குறைவு. 109-இல் தொடங்கி, ஓட்டிப் பார்த்து, இரண்டிரண்டு செ.மீ. ஆக வெட்டிக்கொண்டே வாருங்கள்.