சிக்னல் குழுவா, மேட்ரிக்ஸ் அறையா?

சிக்னலும் மேட்ரிக்ஸும் இணையவழிச் செய்திப் பரிமாற்ற வழிகள். தாங்களே விதி வகுத்து நடத்தும் குழுவுக்கு இரண்டுமே செய்திகளுக்கு முழு மறையாக்கம் தரும், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடியும். அதிகாரம் எங்கே தங்குகிறது என்பதில்தான் வேறுபாடு.

சிக்னலில் உச்சவரம்பு 1000 பேர். குழுவின் பெயரும் உறுப்பினர் பட்டியலும்கூட மறையாக்கப்பட்டே சர்வரில் கிடக்கும். பதிவு செய்ய போன் நம்பர் கட்டாயம். 2024 முதல், அதைச் சேமித்து வைக்காதவர்களுக்குக் காட்டாது. பதவி என்றால் நிர்வாகி, உறுப்பினர், அவ்வளவுதான்.

மேட்ரிக்ஸில் சர்வரையே நீங்கள் நடத்தலாம்; வெவ்வேறு சர்வர்களில் கணக்கு உள்ளவர்கள் ஒரே அறையில் (குழுவில்) சேரலாம். அறையில் ஒவ்வொருவருக்கும் ஓர் அதிகார எண் உண்டு. வழக்கமான அமைப்பில் அதிகார எண் 50 இருந்தால் ஆளை வெளியேற்றலாம். 100 இருந்தால் யாருக்கு என்ன அதிகாரம் என்பதையே மாற்றலாம். பலர் சறுக்குவது இங்கேதான். 100 உள்ள ஒரே ஆளின் சர்வர் மூடப்பட்டுவிட்டால் அறைக்குப் புதிய தலைமை அமைக்க முடியாது, புது அறைதான் திறக்க வேண்டும். ஒரு 100 இன்னொரு 100-ஐ இறக்கவும் முடியாது. எனவே வெவ்வேறு சர்வர்களில் இருக்கும் நம்பகமான இருவருக்கு மட்டும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். மறையாக்கத்தை ஒருமுறை இயக்கினால் அணைக்க வழியில்லை. யார் எந்த அறையில் இருக்கிறார் என்பது சர்வருக்குத் தெரியும்.

மறையாக்கம் இயங்கும்போது, வசைச் செய்தியை இரண்டிலுமே சர்வரால் படிக்க முடியாது. உறுப்பினர் யாராவது புகார் செய்தால்தான் நடவடிக்கை.

உறுப்பினர் பட்டியல் கசிந்தால் வேலை போகும் என்ற நிலையில் உள்ள தொழிலாளர்களுக்கு எங்கள் தேர்வு சிக்னல்தான்.