304 என்று சொல்லி 202 தகட்டில் நாய்ப்பெட்டி: 14,500 ரூபாய் போச்சு

முந்தாநாள் சாயங்காலம் எங்கள் நாய் மயிலிக்குத் தொடையில் ஏழு தையல் போட்டார்கள். அவளுக்குப் பெட்டி செய்துகொடுத்த அந்தக் கடைக்கு நேற்று நேரில் போனேன். உள்ளே கூட விடாமல் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பிவிட்டார்கள். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிடுகிறேன். நாலு நாள் ஆறப்போட்டால் ‘சரி, போகட்டும்’ என்று நானே விட்டுவிடுவேன். அந்த ஆள் அடுத்தவரிடமும் இதையே செய்வான். டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் நாயை ஏற்றிப் போகப் பெட்டி செய்ய நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பெட்டி எப்படிச் செய்ய வேண்டும், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையெல்லாம் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

304, 202 இரண்டும் எவர்சில்வர் தகட்டின் ரகங்கள். 304 உசத்தி, 202 மட்டம். நான் கொடுத்தது 14,500 ரூபாய். இரண்டு கிடாய்க் குட்டி விற்ற காசு.

எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் கொஞ்சம் நிலமும் ஆட்டுப்பட்டியும் இருக்கின்றன. வீட்டிலிருந்து பட்டி 7 கிலோமீட்டர். மயிலி கன்னி என்கிற நாட்டு வேட்டைநாய் ஜாதி. உடம்பெல்லாம் கறுப்பு, புருவத்திலும் காலிலும் மட்டும் செம்மண் நிறம். அவள் தாய் என் மனைவி வீட்டு நாய். குட்டியாக மடியில் வைத்துக் கொண்டுவந்தது. ராத்திரி பட்டிக்கு அவள்தான் காவல், பகலில் வீட்டில் இருப்பாள். வேட்டைக்கெல்லாம் நாங்கள் கொண்டுபோவதில்லை. முயல் பிடிப்பது சட்டப்படி குற்றம், எனக்கு அதில் ஆசையும் கிடையாது.

முன்பெல்லாம் எக்ஸெல்லின் முன்பக்கம், கால் வைக்கிற இடத்தில்தான் நின்றுகொண்டு வருவாள். போன வருஷம் ரோட்டோரம் ஒரு பூனை ஓடியதைப் பார்த்து ஓடுகிற வண்டியிலிருந்து தாவிவிட்டாள். பின்னால் வந்த மினி பஸ் டிரைவர் பிரேக் அடித்ததால் பிழைத்தாள். அன்றைக்கே பெட்டி வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

முதல் பெட்டியை நானும் மகனும் வீட்டிலேயே செய்தோம். 12 எம்.எம். பிளைவுட், மூலைக்கு அலுமினிய ஆங்கிள், அடியில் பழைய டயர் டியூப். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு மழைக்காலம் தாண்டவில்லை. மூத்திரம் ஊறி, மழைத்தண்ணீர் ஏறி, பிளைவுட் அடுக்கடுக்காகப் பிரிந்தது. நாற்றம் தாங்காமல் மயிலியே ஏற மறுத்தாள். ஆனால் அதில் அளவு தெரிந்தது. நீளம் 34 அங்குலம், அகலம் 20, உயரம் 28. அவள் படுக்கலாம், திரும்பலாம், தலையைத் தாழ்த்தி நிற்கலாம். அதற்கு மேல் உயரம் வேண்டாம். ஓடுகிற வண்டியில் நாய் படுத்துத்தான் வர வேண்டும். நிமிர்ந்து நின்று ஆடினால் வண்டியே ஒரு பக்கம் இழுக்கும்.

அடுத்த பெட்டியை எவர்சில்வரில் செய்துவிடுவோம், ஆயுசுக்கும் கிடக்கும் என்று நினைத்தேன். பக்கத்து டவுனில் கேட், படிக்கட்டுக் கைப்பிடி, ஓட்டல் மேஜை எல்லாம் செய்கிற ஓர் எஸ்.எஸ். (எவர்சில்வர்) வேலைக் கடை. பேர் சொல்லப்போவதில்லை. கடை வாசலில் பளபளவென்று நாலைந்து கேட் சாய்த்து வைத்திருப்பார்கள். அந்த மாதிரிக் கடை எந்த ஊரிலும் உண்டு.

அங்கே நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். தரையில் சாக்பீஸால் பெட்டியை வரைந்து காட்டினேன். கடைக்காரன் குத்தவைத்து உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டான். “நாய் பேரு என்ன அண்ணாச்சி?” என்றான். சொன்னேன். தன் செல்போனை எடுத்து, தன் வீட்டுச் சிப்பிப்பாறை நாயின் போட்டோவைக் காட்டினான். “நானும் நாய் வளக்கிறவன்தான். வாயில்லா ஜீவனுக்குச் செய்யுற வேலையில கள்ளம் பண்ணுவனா?” என்றான். இந்த வார்த்தையைத்தான் நம்பினேன்.

தகடு 304, கனம் 1.2 எம்.எம்., எல்லா மூட்டும் ஆர்கன் வெல்டிங், இரண்டு பக்கமும் மேல்பாதி கம்பி, பின்னால் கதவு. எல்லாம் வாய்ப்பேச்சில் முடிந்தது. 304 தானா என்று கேட்டேன். மேஜை டிராயரிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துத் தகட்டில் வைத்தான். ஒட்டவில்லை, வழுக்கிக் கீழே விழுந்தது. “பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. காந்தம் ஒட்டலைன்னா ஒரிஜினல். டூப்ளிகேட்னா கப்புனு பிடிக்கும்.” நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தேன். தலையாட்டிவிட்டு அங்கேயே 8,000 ரூபாய் ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, “பில்லு போட்டா 18 பெர்சென்ட் ஜிஎஸ்டி சேரும், உங்களுக்குத்தான் நட்டம்” என்றான். ஒரு துண்டுச் சீட்டில் ‘எஸ்.எஸ். பாக்ஸ் 1, அட்வான்ஸ் 8,000’ என்று எழுதிக் கொடுத்தான். அவ்வளவுதான் என் கையில் இருக்கிற ஆதாரம்.

ஐந்து நாளில் தருகிறேன் என்றவன் பதினாறு நாள் எடுத்துக்கொண்டான். போய்ப் பார்த்தால் பெட்டி கண்ணாடி மாதிரி மின்னியது. மீதி 6,500 ரூபாயை ஜிபேயில் போட்டேன். தூக்கும்போது மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. 26 கிலோ வரும் என்று வீட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கனம் இல்லை. கேட்டேன். “லேசா இருந்தாத்தான் அண்ணாச்சி வண்டிக்கு நல்லது, அதான் பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கேன்” என்றான். நியாயமாகத்தானே தோன்றும்? எக்ஸெல் 100 சிசி வண்டி. நான், நாய், பெட்டி எல்லாம் சேர்த்து ஏற்ற வேண்டும். தலையாட்டிவிட்டு ஏற்றிக்கொண்டு வந்தேன்.

பதினெட்டாம் நாள் வெல்டிங் ஓரத்தில் டீக்கறை மாதிரி ஒரு நிறம். சோப்புப் போட்டுத் தேய்த்தேன், போனது. நாலு நாளில் மறுபடி வந்தது, இந்தத் தடவை அடித்தகட்டில் புள்ளி புள்ளியாக. போன் செய்தேன்.

முதல் தடவை: “உங்க ஊரு உப்புத்தண்ணி அண்ணாச்சி. நல்ல தண்ணியில கழுவுங்க.”

இரண்டாம் தடவை: “நாய் மூத்திரம் பட்டா தங்கமே கறுத்துப் போகும். எந்த எஸ்.எஸ்.ஸும் தாங்காது.” நாய்க்குத்தான் பெட்டி என்று தரையில் படம் வரைந்து காட்டியவனிடமே இதைச் சொல்கிறான்.

மூன்றாம் தடவை ஒரு பையன் எடுத்து, “ஓனர் வெளியூர் போயிருக்காரு” என்றான். பின்னால் ஓனரின் குரல் கேட்கிறது. நான்காம் தடவை, பாலிஷ் போட்டுத் தருகிறேன், 800 ரூபாய் ஆகும் என்றான். 14,500 வாங்கிய பிறகு இன்னும் 800!

அதன் பிறகுதான் முந்தாநாள் நடந்தது. பட்டியிலிருந்து திரும்பும் வழியில் வேகத்தடை ஒன்று. மெதுவாகத்தான் ஏறி இறங்கினேன். பின்னால் டங்கென்று சத்தம். தாழ்ப்பாள் தகட்டோடு பிய்ந்து தொங்கியது, கதவு திறந்துவிட்டது. மயிலி வெளியே சரிந்தாள். சரிந்தபோது கதவின் ஓரம் தொடையில் கிழித்துவிட்டது. ஓரத்தை மடிக்காமல் வெட்டினது வெட்டினபடியே விட்டிருந்தான். பிளேடு மாதிரி இருக்கிறது, நானே விரலால் தடவிப் பார்த்து அறுத்துக்கொண்டேன். துண்டை வைத்து அழுத்திக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டோ வர இருபது நிமிஷம் ஆனது. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்குக் கிளம்பியவர், எங்களைப் பார்த்துத் திரும்பி வந்து தையல் போட்டார். அவருக்குக் கோடி புண்ணியம். வெளியில் வாங்கிய மருந்துக்கும் ஆட்டோவுக்கும் 1,850 ரூபாய் ஆனது. அது தனிக்கணக்கு, இந்த 14,500-இல் சேராது.

என் தங்கை மகன் கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறான். லீவுக்கு வந்திருந்தான். அன்றைக்கு ராத்திரியே பெட்டியை டார்ச் அடித்துப் பார்த்தான். அவனிடம் ஸ்டீல் சோதிக்கிற ஒரு சின்ன பாட்டில் இருந்தது. தகட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ஒரு சொட்டு விட்டு, பேட்டரியைத் தொட வைத்தான். சில நொடியில் சொட்டு சிவந்துவிட்டது. “மாமா, இது 202” என்றான்.

அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. 304-இல் நிக்கல் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கும். 202-இல் விலை குறைக்க நிக்கலைப் பாதியாக்கி, அந்த இடத்தில் மாங்கனீஸ் சேர்க்கிறார்கள். அந்த மாங்கனீஸைத்தான் சொட்டு காட்டிக்கொடுக்கிறது. மாடிப்படிக் கைப்பிடிக்கு 202 போதும். உப்பும் மூத்திரமும் தினமும் படுகிற இடத்தில் சீக்கிரம் துருப் பிடிக்கும். அப்புறம் அந்தக் காந்தம். 304-இலும் காந்தம் ஒட்டாது, 202-இலும் ஒட்டாது! இரண்டையும் பிரிக்க அது உதவவே உதவாது. சொல்லப்போனால் நல்ல 304 தகட்டை வளைத்த இடத்தில் லேசாக இழுக்கக்கூடச் செய்யும். தினமும் இதே வேலை பார்க்கிறவனுக்கு இது தெரியாதா? தெரிந்துதானே டிராயரில் காந்தத்தைத் தயாராக வைத்திருக்கிறான்!

கனத்தையும் அளந்தோம். 1.2 எம்.எம். என்றது 0.8 தான் இருந்தது. ஆடு நிறுக்கிற தராசில் பெட்டியை ஏற்றினால் 19 கிலோ. கீல் இரண்டும் சாதா இரும்பு, மேலே சில்வர் பெயின்ட். அங்கே மட்டும் காந்தம் கப்பென்று பிடித்தது. தாழ்ப்பாளுக்கு முழு வெல்டிங் இல்லை, இரண்டு இடத்தில் பொட்டு வைத்த மாதிரி டேக் அடித்து மேலே பாலிஷ் போட்டிருக்கிறான். வாயில்லா ஜீவனுக்குச் செய்த வேலை இது.

நேற்றுக் காலை பிய்ந்த தாழ்ப்பாளைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். மயிலியின் தையல் போட்டோவைக் காட்டினேன். அவன் அதைப் பார்க்கவே இல்லை. “304-ன்னு நான் சொன்னேனா? எங்க எழுதியிருக்கு, காட்டுங்க” என்றான். துண்டுச் சீட்டை நீட்டினேன். “எஸ்.எஸ்.னுதான இருக்கு. 202-வும் எஸ்.எஸ்.தான்” என்றான். காந்தம் வைத்துக் காட்டினாயே என்றேன். “நீங்க கேட்டீங்க, காட்டுனேன்.” வேலைக்காரப் பையன்கள் முன்னால், “வியாபார நேரத்துல வாசல்ல நிக்காதீங்க பெரியவரே” என்றான். காசு கொடுக்கும்வரை அண்ணாச்சி, இப்போது பெரியவர். வீட்டுக்கு வந்து வாட்ஸாப்பில் போட்டோ அனுப்பினால் போகவில்லை. பிளாக் செய்துவிட்டான்.

14,500 ரூபாய்.

விவரமாகச் சொல்கிறேன் என்று மேலே எழுதினேன். இப்போது உட்கார்ந்து படம் போட்டு, அளவு எழுதி விளக்க எனக்கு மனசு இல்லை. அவசியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

காந்தத்தை நம்பாதீர்கள். அந்தச் சோதனைச் சொட்டு பாட்டில் ஆன்லைனில் கிடைக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கடைத் தகட்டில் விட்டுப் பாருங்கள். விட மாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள்.

எடை போடாமல் மீதிக் காசைக் கொடுக்காதீர்கள். 1.2 எம்.எம். தகடு ஒரு சதுர அடி ஏறக்குறைய 880 கிராம், 0.8 என்றால் 590 கிராம்தான். என் பெட்டிக்கு 24 சதுர அடித் தகடு, அதுவே 21 கிலோ வர வேண்டும். சட்டகத்தின் எடை தனி. பெட்டி லேசாக இருக்கிறது என்று கையில் தெரிந்தபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

தகட்டு ஓரம் எல்லாம் மடித்திருக்க வேண்டும். தாழ்ப்பாள் ஒன்று போதாது, இரண்டு போடச் சொல்லுங்கள், வெல்டிங்கோடு போல்ட்டும் வேண்டும். உள்ளே நாயைக் கழுத்துப் பட்டையில் கட்டிவைக்காதீர்கள். கதவு திறந்தால் தூக்கு மாட்டின மாதிரி ஆகிவிடும். மயிலியை நான் கட்டாமல் விட்டதால்தான் தையலோடு போனது.

304, 1.2 எம்.எம். என்ற இரண்டையும் எழுதிய பில் வாங்குங்கள். 18 சதவீதம் போனாலும் போகட்டும். காசை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். என்னிடம் 6,500-க்குத்தான் ஜிபே கணக்கு இருக்கிறது, 8,000-க்கு அந்தத் துண்டுச் சீட்டு மட்டும்தான். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேச வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை உள்ள புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். சீட்டு, ஜிபே, தையல் போட்டோ, பிய்ந்த தாழ்ப்பாள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். கட்டாயம் போடுவேன்.

இன்னும் சொல்ல இருக்கிறது. வெயிலில் தகடு சுடாமல் இருக்க மேலே என்ன போட வேண்டும், அடியில் ரப்பர் மேட் எப்படி வெட்ட வேண்டும் என்றெல்லாம். இன்னொரு நாள் பார்ப்போம். மயிலி திண்ணையில் படுத்திருக்கிறாள், நக்காமல் இருக்கக் கழுத்தில் அட்டை மாட்டியிருக்கிறோம். நாளைக் காலை கட்டு மாற்றப் போக வேண்டும், ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கிறேன்.