இரண்டு துளை, இரண்டு திருகு: ஒரு ஹெட்ஃபோன் ஸ்ப்ளிட்டரோடு பதினோரு மாதம்

கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு ஒயர், அதன் நுனியில் 3.5 மி.மீ. பின். எதிர்ப்பக்கம் இரண்டு துளைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வால்யூம் திருகு. ஃபோனிலிருந்து வரும் பாட்டை இரண்டு பேருடைய காதுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் இதன் வேலை, வேறு ஒன்றும் செய்யாது. மேலே கம்பெனி பெயர்கூட அச்சாகவில்லை. பதினோரு மாதமாக வாரத்துக்கு இரண்டு நாளாவது இதைக் கையில் எடுக்கிறேன். பாட்டு கேட்பதற்கென்று நான் வாங்கிய சாமான்களில் இதைப்போல எனக்கு உதவியது இன்னொன்று இல்லை.

எங்கள் குடும்பத்தில் பாட்டுப் பைத்தியங்கள் மூன்று பேர், மூன்று பேருக்கும் ரசனை வேறு. அத்தை வீணை கற்றவர், கர்னாடக இசையில் ஊறியவர். எனக்கு மெட்டலும் ஜாஸும். அக்கா மகளுக்கு ஹிப்ஹாப், அப்புறம் டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான மின்னணு இசை. வருடக்கணக்கில் ஒருவருக்கொருவர் லிங்க் அனுப்பிக்கொண்டுதான் இருந்தோம். "கேட்டேன், நல்லா இருக்கு" என்று பதில் வரும். எந்த இடம் பிடித்தது, எங்கே அலுத்தது, கடைசி வரைக்கும் கேட்டாரா, ஒன்றும் தெரியாது. உயிராக நினைக்கும் ஒரு பாட்டை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அதைக் கேட்கும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க முடியாமல் போவது எனக்குப் பெரிய ஏக்கமாகவே இருந்தது.

ஸ்பீக்கரில் போட்டால் என்ன என்று கேட்கலாம். போட்டிருக்கிறோம். பாட்டு ஆரம்பித்து அரை நிமிடத்தில் யாராவது பேச ஆரம்பித்துவிடுவார்கள், பாட்டு பின்னணிக்குப் போய்விடும். ஒரே ஃபோனிலிருந்து இரண்டு புளூடூத் ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் வசதியையும் முயன்று பார்த்தேன். இரண்டும் வேறு வேறு மாடல் என்பதால் ஒன்றில் வரும் அடி இன்னொன்றில் ஒரு கணம் பிந்தி வந்தது. அத்தை தாளம் போட, என் காதில் அடி வேறு இடத்தில் விழ, இரண்டு பேரும் வேறு வேறு பாட்டுக் கேட்பது போல ஆகிவிட்டது. ஒயரில் அந்தத் தொல்லை கிடையாது. ஒரே மின்சைகை ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் போகிறது.

இந்த யோசனை புதிதும் அல்ல. 1979-இல் சோனி வெளியிட்ட முதல் வாக்மேனிலேயே ஹெட்ஃபோனுக்கு இரண்டு துளைகள் இருந்தன. அதோடு ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பாட்டின் சத்தம் இறங்கி, ஒருவர் பேசுவது மைக் வழியாக இன்னொருவர் காதில் விழும். பாட்டை இரண்டு பேர் சேர்ந்து கேட்பார்கள், கேட்கும்போதே ஏதாவது சொல்லத் தோன்றும் என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள். காலப்போக்கில் அந்த இரண்டாவது துளை போனது, இப்போது பல ஃபோன்களில் முதல் துளையும் இல்லை. என் ஃபோனிலும் இல்லை. சார்ஜ் துளையில் ஹெட்ஃபோன் பின்னை மாட்ட உதவும் சின்ன இணைப்பான், யுஎஸ்பி சி டாங்கிள் ஒன்றைச் செருகி, அதில்தான் இதை மாட்டுகிறேன்.

சரி, திருகுக்கு வருகிறேன், வாங்க நினைப்பவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது அதைத்தான். முதலில் நான் வாங்கியது திருகு இல்லாத, வெறும் ஒய் வடிவ ஒயர். அத்தையிடம் இருப்பது காதை மூடும் பெரிய ஹெட்ஃபோன், அதற்கு நிறைய சத்தம் ஏற்ற வேண்டும். என்னுடையது காதுக்குள் செருகும் சின்னது, கொஞ்சம் கொடுத்தாலே அலறும். வெறும் ஒயரில் இரண்டுக்கும் ஒரே மின்னழுத்தம்தான் போகும். அத்தைக்குக் கேட்கிற அளவுக்கு ஏற்றினால் எனக்குக் காது வலித்தது, எனக்குச் சரியாக வைத்தால் அவருக்குத் தம்புரா கேட்கவே இல்லை. ஆளுக்கொரு திருகு வந்ததும் அந்தப் பிரச்சினை அன்றே தீர்ந்தது. பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாக இருந்தால் சராசரியாக 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அத்தைக்காக ஏற்றும் சத்தத்தை அக்கா மகளுடைய காது தாங்க வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

திருகில் ஒரு குறை உண்டு. கால் பங்குக்குக் கீழே இறக்கினால் இடது காதில் சத்தம் மங்கி, வலதில் மட்டும் கேட்கும். மலிவான திருகுகளில் இரண்டு பக்கமும் ஒரே சீராக இறங்காது, அதுதான் காரணம். ஃபோனில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, திருகுகளைப் பாதிக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இந்தக் குறை தெரியாது.

இதை வைத்து முதன்முதலில் அத்தைக்கு நான் போட்டுக் காட்டியது பிளாக் சபத் குழுவின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு. 1970-இல் வந்தது. குழுவுக்கும் ஆல்பத்துக்கும் பாட்டுக்கும் ஒரே பெயர்தான். மழை, இடி, தூரத்தில் மணியோசை, அதற்குப் பிறகு திடீரென்று அந்த கிட்டார். மூன்றே சுரம். கீழே ஒன்று, அதுவே மேல் ஸ்தாயியில், அங்கிருந்து இறங்கி நடுவில் ஒன்று. அந்த மூன்றாவது சுரம்தான் வயிற்றைக் கலக்கும். மேற்கத்திய இசையில் அந்த இடைவெளிக்கு "இசையில் இருக்கும் சாத்தான்" என்றே ஒரு பழைய பெயர் உண்டு. கிட்டார் வாசித்த டோனி அயோமி ஓர் ஆலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர், விரல்களில் உறை மாட்டிக்கொண்டு வாசித்தவர் என்பதையெல்லாம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன்.

மழை வரைக்கும் அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டார் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது முறை அதே மூன்று சுரம் வந்தபோது அவருடைய வலது ஆள்காட்டி விரல் தொடையில் மெல்ல எழுந்து நின்றது. மூன்றாவது முறை கூடவே முணுமுணுத்தார். ச, மேல் ச, ம. ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து நகர்த்தி, "பிரதி மத்யமம்தானேடா இது?" என்றார். "எழுபத்திரண்டு மேளத்துல பாதிக்கு இதுதான் மத்யமம். இதுல பயப்பட என்ன இருக்கு?"

ம சுரத்தின் இரண்டு வகைகளில் உயரமானதுதான் பிரதி மத்யமம்; மேளம் என்றால் கர்னாடக இசையின் தாய் ராகம். இருபது வருடமாக நான் கேட்டுவரும் பாட்டு. அந்த சுரத்துக்கு என் வீட்டிலேயே ஒரு பெயர் இருக்கும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. பாட்டு முடிந்ததும் ஃபோனை அவர் வாங்கி, வயலினில் ஒரு பந்துவராளி ராக ஆலாபனையைத் தேடி வைத்தார். கல்யாணி ராகத்திலும் அதே மத்யமம்தான், ஆனால் கல்யாணியில் நீ பயத்தைத் தேட முடியாது, இதைக் கேள் என்றார். ரிஷபம், தைவதம் என்ற சுரங்கள் கீழே இறங்கி நிற்க, நடுவில் அந்த மத்யமம் அடுத்த சுரமான பஞ்சமத்தைப் பார்த்து ஏங்கிக்கொண்டே நிற்கிறது. பஞ்சமத்தைத் தொட்டதும் எனக்கு மூச்சு வந்தது. நான் மூச்சு விட்டதை அத்தை பார்த்துவிட்டார், ஒன்றும் சொல்லாமல் சத்தத்தை ஒரு நூல் ஏற்றினார். லிங்க் அனுப்பியிருந்தால் இந்த ஆலாபனையை நான் இரண்டு நிமிடம்கூடக் கேட்டிருக்க மாட்டேன், உண்மை அதுதான்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஆளுக்கு ஒரு பாட்டு, முழுதாக. இந்த ஸ்ப்ளிட்டரில் மைக்கும் வேலை செய்யாது, இயர்ஃபோன் ஒயரில் இருக்கும் நிறுத்தும் பொத்தானும் வேலை செய்யாது. ஒலிக்கான இணைப்பு மட்டும்தான் உள்ளே இருக்கிறது. பேசிக்கொண்டே விளையாட நினைப்பவர்களுக்கு இது ஆகாது. எங்களுக்கு அது நல்லதாகவே அமைந்தது. ஃபோனைக் கீழே வைத்துவிட்டால் நடுவில் நிறுத்த யாருக்கும் கை போவதில்லை.

அக்கா மகள் போட்ட பாட்டுகளில் எனக்கு மறக்காதது, அவள் இரண்டாகப் பிரித்துப் போட்ட ஒன்று. முதலில் டிரம் அண்ட் பேஸுக்கு முன்னோடியான ஜங்கிள் வகையில் வேகமான ஒரு பாட்டு, டிரம்ஸ் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியது. எனக்கு அது இரைச்சலாகத்தான் இருந்தது, முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "இருங்க மாமா" என்று சொல்லிவிட்டு, தி வின்ஸ்டன்ஸ் குழு 1969-இல் பதிவு செய்த ஒரு சோல் பாட்டைப் போட்டாள். நடுவில் எல்லா வாத்தியமும் ஒதுங்கிக்கொள்ள, டிரம்ஸ் மட்டும் ஆறேழு நொடி வருகிறது. நாலே நாலு பார், அதாவது நான்கு தாளச் சுற்று. கிரிகரி கோல்மன் வாசித்தது. "இப்ப முதல் பாட்டைத் திரும்பக் கேளுங்க." கேட்டேன். அதே நாலு பார்தான், வேகம் கூட்டி, வெட்டி, முன்பின்னாக மாற்றி அடுக்கியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்குள் அந்த ஆறேழு நொடி இருக்கிறதாம், அந்த டிரம்மருக்கு அதிலிருந்து பங்கு எதுவும் போகவில்லையாம். சொல்லும்போது அவளுக்குக் குரல் கம்மியது. எனக்கும் கோபமாக வந்தது. இரைச்சல் என்று நினைத்த இடத்தில் ஒரு மனிதரின் கை கேட்க ஆரம்பித்த பிறகு, அந்த வகைப் பாட்டை என்னால் ஒதுக்க முடியவில்லை.

அத்தைக்கும் எனக்கும் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டேவ் புருபெக் குவார்டெட்டின் "டேக் ஃபைவ்", 1959. ஐந்தடித் தாளம் என்று மட்டும் சொல்லிப் போட்டேன். கண்ட சாபுதானே என்று கையைத் தட்ட ஆரம்பித்தார். தக தகிட, தக தகிட. இரண்டு ஆவர்த்தனத்திலேயே கை நின்றது. நெற்றி சுருங்கியது. பியானோவைக் கூர்ந்து கேட்டார். பிறகு திருத்திக்கொண்டார்: தகிட தக, தகிட தக. "இவங்க மூணை முன்னாடி வச்சிருக்காங்க" என்றார். நான் எத்தனையோ முறை கேட்ட பாட்டு, ஐந்து என்று எண்ணத்தான் எனக்குத் தெரியும். அது எங்கே உடைகிறது என்று கவனித்ததில்லை. நடுவில் டிரம்ஸ் தனியாகப் போகும்போது பியானோ அதே ஐந்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அத்தை அங்கே கையை நிறுத்தவே இல்லை. கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குத் தாளம் போடுகிற மாதிரியே, டிரம்மர் எங்கே சுற்றினாலும் இவர் கை தொடையில் சரியாக விழுந்துகொண்டிருந்தது. டிரம்ஸ் முடிந்து சாக்சஃபோன் திரும்ப நுழைந்தபோது "ஆஹா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

மூன்று பேரும் ஒன்றாகக் கேட்க ஆசைப்பட்டு, ஒரு ஸ்ப்ளிட்டரின் துளையில் இன்னொன்றைச் செருகியும் பார்த்தோம். கேட்கும். ஆனால் சின்ன டாங்கிள் ஒன்று மூன்று ஹெட்ஃபோனை இழுக்கத் திணறுகிறது, கீழ்ஸ்தாயி கரகரத்தது. இரண்டு பேருக்குத்தான் இது சரிப்படும்.

உழைப்பைப் பற்றி: எட்டாவது மாதம் ஒயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு காது விட்டு விட்டுக் கேட்க ஆரம்பித்தது. உள்ளே பற்றவைத்த இடம் விட்டிருந்தது, திறந்து சரிசெய்துகொண்டேன். ஒயர் ஒரு சாண்தான் என்பதால் யாராவது தலையைத் திருப்பும்போதெல்லாம் அந்த இடம்தான் இழுபடுகிறது. இரண்டு சாணாவது கொடுத்திருக்க வேண்டும். பின் நேராக இல்லாமல் எல் வடிவில் வளைந்ததாக வாங்கினால் டாங்கிளுக்கும் நல்லது. ஹெட்ஃபோன் ஒயர் நீளமாக இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இருக்காது. ஒயர் ஹெட்ஃபோனே வீட்டில் இல்லை என்றால், இதை மட்டும் வாங்கிப் பயன் கிடையாது.

ஐந்துக்கு நான்கரை கொடுக்கிறேன். அரை போனது அந்த ஒரு சாணுக்காக.

போன வாரம் இரண்டாவதாக ஒன்று வாங்கினேன், இது கொஞ்சம் நீள ஒயர். பழையதை அத்தை எடுத்து வைத்துக்கொண்டார். அடுத்த முறை அக்கா மகளோடு உட்காரப்போவது அவர்தான். அந்த நாலு பார் டிரம்ஸை மட்டும் தனியாக, மெதுவாகப் போடச் சொல்லி, தக, தகிட என்பது போன்ற சொற்கட்டாக எழுதிக்கொள்ள வேண்டுமாம். நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துவிட்டார்.