எம்கேட் வாசிப்புப் பகுதி: தனி டியூஷனா, குழு வகுப்பா?

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர எழுதும் எம்கேட் தேர்வின் வாசிப்புப் பகுதிக்குப் பெயர் கார்ஸ். அதில் 9 பாசேஜ், 53 கேள்வி, 90 நிமிடம். ஒரு பாசேஜுக்குப் பத்தே நிமிடம். நீட்டுக்குப் போல மனப்பாடம் செய்து வர இதில் எதுவும் கிடையாது.

தனி டியூஷனில் பிழை கையும் களவுமாகப் பிடிபடும். பாசேஜில் 'சில விமர்சகர்கள்' என்றிருக்கும். மாணவர் 'எல்லா விமர்சகர்களும்' என்ற விடையைத் தேர்ந்திருப்பார். "எந்த வரியில இருக்கு, காட்டுங்க" என்று கேட்டால் விரல் வைக்க இடமிருக்காது. குழுவில் சரியான விடையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

வேகப் பயிற்சிக்கு மட்டும் குழுவே தேவலை.

ஆன்லைனில் அமெரிக்க ஆசிரியர் என்றால், கோடையில் நியூயார்க் இரவு 8 மணி புதுச்சேரியில் விடியற்காலை 5:30. நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பியதும் 6:30. மறந்தால் ஒரு மணி நேரம் வெறும் திரையைப் பார்த்து உட்கார வேண்டியதுதான்.